முப்பத்தேழாம் வில்லை

"இடப்பக்கம்! இடப்பக்கம் தள்ளு!" பின்னாலிருந்து ஓட்டார் கத்தினான்.

ரப்பர் படகின் முனையில் மண்டியிட்டிருந்த சுன்னிவா துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, எதிரே வந்த பனிக்கட்டியின் நெற்றியில் குத்தித் தள்ளினாள். சாப்பாட்டு மேசை அளவுக் கட்டி. சோம்பலாகப் புரண்டு வழிவிட்டது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால், மூடுபனிக்குள், எத்தனை என்று தெரியவில்லை. மூன்று மணிக்கு இதே வழியாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்தபோது தண்ணீர் வெறிச்சென்று கிடந்தது. இப்போது மணி ஐந்தே முக்கால். மதியம் பனியாறு உடைந்து கொட்டியதையெல்லாம் காற்று வாரிக்கொண்டு வந்து ரெவ்விகா விரிகுடாவின் வாயில் அடைத்திருந்தது. எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக விட்டால் அடியில் சுழலும் உந்துவிசிறி உடையும். மெதுவாக விட்டால், கரையில் இருப்பவளுக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

"எவ்வளவு ஆச்சு?" என்றான் ஓட்டார்.

"ஒன்றரை மணி நேரத்துக்கு மேல."

"கரடி?"

"எனக்கென்னய்யா தெரியும்? நீதானே கடைசியாப் பார்த்தவன்!"

ஓட்டாரின் முதுகில் ரைஃபிள். இடுப்பில் கரடியை வெருட்டும் வெளிச்சத் துப்பாக்கி. பதினெட்டு வருஷமாக வடதுருவத்தை ஒட்டிய இந்தத் தீவுகளில் பயணிகளைக் கரையிறக்கி ஏற்றுகிறவன். எந்தக் கரையிலும் ஒரு கையுறையைக்கூட விட்டுவிட்டு வந்தவனில்லை. இன்று ஒரு பெண்ணை விட்டுவிட்டு வந்திருந்தான்.

சுன்னிவாவின் முழங்காலருகே ஒரு துணிப்பை இருந்தது. கரையில் விடுபட்டவளின் கணவர் கொடுத்தனுப்பியது. கம்பளிக் காலுறை, இதய மாத்திரைப் பெட்டி, ஒரு ஃபிளாஸ்க். படகு ஆடும்போதெல்லாம் ஃபிளாஸ்க் வந்து தொடையில் இடித்தது.

லோம்வி சின்னக் கப்பல். நாற்பத்தாறு பயணிகள், பதினேழு சிப்பந்திகள். கரையிறங்கும் வாசலருகே ஒரு மரப்பலகை. அதில் நாற்பத்தாறு ஆணிகள், ஆணிக்கு ஒரு எண் வில்லை. ஒருபக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. இறங்கும்போது உங்கள் வில்லையை நீங்களே சிவப்பாகத் திருப்ப வேண்டும். திரும்பி வந்ததும் நீங்களே வெள்ளையாகத் திருப்ப வேண்டும். அடுத்தவர் வில்லையை யாரும் தொடக்கூடாது. கணவன் மனைவியுடையதைத் தொடக்கூடாது, தாய் பிள்ளையுடையதைத் தொடக்கூடாது. முதல்நாள் கூட்டத்தில் சுன்னிவாதான் இதைச் சிரித்தபடி விளக்குவாள். "இங்க காதல் எல்லாம் செல்லாது, சொல்லிட்டேன்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். பலகை முழுக்க வெள்ளை என்ற சொல் வயர்லெஸ்ஸில் வந்து சேராமல் கேப்டன் டோர்கிரிம் நங்கூரத்தைத் தூக்கமாட்டார். கரையில் வழிகாட்டிகள் எண்ணுவதில் தவறு வரலாம், படகில் எண்ணுவதில் தவறு வரலாம். கடைசிப் பூட்டு அந்தப் பலகைதான்.

முப்பத்தேழாம் எண் போர்கில்டுக்கு. வயது அறுபத்தெட்டு, வோல்டாவிலிருந்து வந்தவள், ஓய்வுபெற்ற பள்ளிக்கூடச் சமையல்காரி. முதல்நாளிலிருந்தே, கப்பலுக்குத் திரும்பியதும் அவள் தானாக வில்லையைத் திருப்பியதில்லை. சாயங்காலம் நாலு மணிக்குச் சமையலறையில் வாஃபிள் என்ற கட்டம்போட்ட அப்பம் சுடுவார்கள். கரையிலிருந்து வந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறி, காலணியைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் மேலே ஓடிவிடுவாள். "பழுப்புப் பாலாடைக்கட்டியை அந்தப் பெர்கன்காரங்க முழுசா வழிச்சுத் தின்னுடுவாங்கடி, அப்புறம் எனக்கு வெறும் ஜாம்தான்" என்று சுன்னிவாவிடம் நியாயம் சொல்வாள். முதல்நாள் சுன்னிவா மேலே போய் அவளைக் கீழே கூட்டிவந்து திருப்பவைத்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மேலே எட்டிப் பார்த்து, அவள் வாய்நிறைய மென்றுகொண்டிருப்பதைக் கண்டு, கீழே வந்து தானே திருப்பினாள். நான்காம் நாளும்.

ஐந்தாம் நாளான இன்று எட்டிப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. மூன்று ஐம்பதுக்கு மேட்டின் மேல் கரடி தெரிந்தது. ஓட்டார் வயர்லெஸ்ஸில் ஒரே சொல் சொன்னான்: "ஏத்துங்க." வால்ரஸ்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பத்து நிமிஷத்தில் படகுகளில் அள்ளிப்போட்டார்கள். வேகமாக நடப்பவர்கள் ஒரு குழுவாகவும் மெதுவாக நடப்பவர்கள் இன்னொரு குழுவாகவும் பிரிந்து போயிருந்தார்கள். போர்கில்ட் நடுவழியில், மெதுவாக நடப்பவர்களோடு சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வேகமான குழுவிலிருந்து பிரிந்து போயிருந்தாள். மெதுவான குழுவுக்கு வந்து சேரவில்லை. இரண்டு குழு வழிகாட்டிகளும் அவள் மற்றவனோடு இருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்கள். கரையில் உயிர்க்கவசங்களைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் நடப்பார்கள். பெட்டியில் ஒன்று மிஞ்சியிருந்தால் ஆள் குறைவது ஓட்டாருக்குத் தெரிந்திருக்கும். போர்கில்ட் கழற்றுவதே இல்லை. முதுகுக்குச் சூடாக இருக்கிறதாம்.

வாசலில் ஈரக் காலணிகளும் கூச்சலுமாக இருந்தது. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது, பனிக்கட்டிகள் நகரத் தொடங்கியிருந்தன. டோர்கிரிமின் குரல் வயர்லெஸ்ஸில் இரண்டாம் முறையாக வந்தது: "பலகை? சுன்னிவா, பலகை என்னாச்சு?" நாற்பத்தைந்து வெள்ளை. ஒரு சிவப்பு. முப்பத்தேழு. சமையலறைப் பக்கமிருந்து வாஃபிள் வாசனை வந்தது. சுன்னிவாவின் கட்டைவிரல் தானாகப் போய் அதைத் திருப்பியது.

"பலகை வெள்ளை" என்றாள்.

*

ஐந்து மணிக்கு ஆர்ன்ஃபின் வந்து வாசலருகே நின்றார். போர்கில்டின் கணவர். முப்பத்தொரு வருஷம் ஃபியோர்டு என்ற கடற்கழியைக் கடக்கும் கார்ப்படகில் வேலை பார்த்தவர். வண்டிகளை ஏற்றி, எண்ணி, வண்டி ஏறும் தட்டைத் தூக்கி, மணி அடித்தால் கிளம்புகிற வேலை. அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து மனைவிதான் பேசுவாள். சாப்பாட்டு மேசையில் தினமும் அவள் சொல்லும் கதை ஒன்று உண்டு, சிப்பந்திகளுக்கே மனப்பாடம் ஆகியிருந்தது. கல்யாணமான புதிதில், கையில் இரண்டு பையோடு அவள் படகுத்துறைக்கு ஓடி வந்தாளாம். இவர் பார்த்தாராம். பார்த்துக்கொண்டே தட்டைத் தூக்கினாராம். "மணி அடிச்சிருச்சுன்னார் இந்தக் கிழவர். அடுத்த படகு ஒரு மணி நேரம் கழிச்சு. மழையில நின்னேன். முப்பத்தொரு வருஷம் கார் எண்ணின மனுஷனுக்குப் பொண்டாட்டி ஒருத்தியை எண்ணத் தெரியலை பாருங்க!" மேசையே அதிரும். ஆர்ன்ஃபின் முள்கரண்டியால் உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டிருப்பார்.

அவர் காலணி இல்லாமல் வெறும் காலுறையோடு நின்றிருந்தார். கையில் துணிப்பை.

"போர்கில்டைக் காணோம்" என்றார்.

"கூடத்துல பார்த்தீங்களா?"

"பார்த்தாச்சு."

"நூலகம்? மேல்தளம்?"

"எல்லா இடமும் பார்த்தாச்சு பொண்ணே. அவ கப்பல்ல இல்லை."

சுன்னிவா சட்டென்று திரும்பினாள். பலகையைப் பார்த்தாள். முப்பத்தேழு வெள்ளையாக, சமர்த்தாகத் தொங்கியது.

கப்பல் அப்போது விரிகுடாவிலிருந்து ஏழு கடல் மைல் வந்திருந்தது. டோர்கிரிம் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கப்பலைத் திருப்பினார். அடைந்து கிடந்த பனிக்கட்டிக்கு வெளியே நிறுத்தினார். படகை இறக்கினார்கள். ஏறுவதற்கு முன் சுன்னிவாவின் கையைப் பிடித்து, "ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ என்கிட்ட சொன்னப்போ பலகை வெள்ளையா இருந்துச்சா இல்லையா?" என்றார்.

"இருந்துச்சு, கேப்டன்."

பொய்யில்லை. வெள்ளையாகத்தான் இருந்தது. அந்த இடத்திலேயே மீதியையும் சொல்லியிருக்கலாம். ஆனால் படகு காத்திருந்தது, ஓட்டார் எஞ்சினை முடுக்கிவிட்டிருந்தான், சொல்ல ஐந்து விநாடியாவது ஆகும். ஆளைக் கண்டுபிடித்ததும் சொல்லிக்கொள்ளலாம். உயிரோடு கிடைத்துவிட்டால் எல்லோரும் சேர்ந்து சிரித்துவிடக்கூடச் செய்யலாம். போர்கில்டே இதை ஒரு கதையாக்கி மேசையில் சொல்வாள்: இந்தப் பொண்ணு என்னைக் கரடிக்கு விட்டுட்டுப் போனா, கேளுங்க.

*

கரை முதலில் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. பிறகு கற்கள். தண்ணீரோரம் ஒரு நடைக்கம்பு நட்டிருந்தது. அதன் உச்சியில் சிவப்புக் கழுத்துத்துணி.

"போர்கில்ட்!" ஓட்டார் குரல் கொடுத்தான். மூடுபனி அதை விழுங்கியது. தூரத்தில் வால்ரஸ் ஒன்று தும்மியது.

ஓட்டார் ரைஃபிளைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். ஈரமணலில் காலடித் தடங்கள். கம்பிலிருந்து நேரே கடலுக்குள் போயிருந்தன. திரும்பி வந்திருந்தன. மறுபடி போயிருந்தன. மூன்று தடவை. கப்பல் போவதைப் பார்த்துத் தண்ணீருக்குள் இறங்கி நின்று கையை ஆட்டியிருக்கிறாள். யாராவது ஒருத்தர் திரும்பிப் பார்த்தால் போதும் என்று இன்னும் கொஞ்சம் உள்ளே, இன்னும் கொஞ்சம் உள்ளே. எல்லோரும் அப்போது வாஃபிள் தின்றுகொண்டிருந்தார்கள்.

பழைய வேட்டைக்காரர் குடிசை ஒன்று கரைக்குச் சற்று மேலே பாதி இடிந்து நின்றது. அதன் மறுபக்கச் சுவரில், காற்று படாத மூலையில், ஆரஞ்சு நிறம் தெரிந்தது. உயிர்க்கவசம். சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடை மார்பு வரைக்கும் நனைந்து விறைத்திருந்தது. கையுறை ஒன்றைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். குடிசையிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி, கரடியின் தடம் நேராகப் போனது. நின்று பார்த்த அடையாளம்கூட இல்லை. அதற்கு வேறு வேலை இருந்திருக்கிறது.

"துடிப்பு இருக்கா? பாரு, துடிப்பு இருக்கா?" ஓட்டாரின் குரல் உடைந்தது.

சுன்னிவா கழுத்தில் விரலை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். குளிரில் விறைத்தவர்களை அவ்வளவு சுலபமாக இறந்ததாகச் சொல்லக்கூடாது, சூடேற்றிப் பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் படித்தது நினைவுக்கு வந்தது. மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். படகில் தூக்கிப்போட்ட பிறகும் அழுத்தினாள். பனிக்கட்டிகளை இப்போது ஓட்டார் ஒருவனே கையாலும் காலாலும் தள்ளிக்கொண்டு படகைச் செலுத்தினான். நாற்பத்தைந்து நிமிஷம். ஒன்று, இரண்டு, மூன்று என்று முப்பது வரை எண்ணுவாள், மூச்சு ஊதுவாள், மறுபடி ஒன்றிலிருந்து. முப்பத்தேழு வந்துவிடக்கூடாது என்று ஒரு பைத்தியக்கார பயம். முப்பதுக்கு மேல் அந்தக் கணக்கு போவதே இல்லை என்பதுகூட அப்போது புத்தியில் உறைக்கவில்லை.

ஏழே முக்காலுக்குக் கப்பல் மருத்துவர் கையை எடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னார்.

*

மாலுமிகள் அறையில் டோர்கிரிம், ஓட்டார், சுன்னிவா மூவரும் இருந்தார்கள். நடுவில் பலகை. டோர்கிரிமே கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தார். நான்காவது நாற்காலியில் ஆர்ன்ஃபின். வரவேண்டாம் என்று சொல்லியும் வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆளுநர் அலுவலகத்துக்குச் சொல்லியாச்சு" என்றார் டோர்கிரிம். "மூடுபனி விலகினதும் விசாரணைக்கு ஹெலிகாப்டர்ல வருவாங்க. அவங்க கேக்கப்போற முதல் கேள்வியை இப்ப நான் கேக்குறேன். கரையில நடந்தது ஓட்டாரோட தப்பு. அதை அவன் ஒத்துக்கிட்டான். ஆனா போர்கில்ட் கப்பலுக்கே வரலை. வில்லை வெள்ளையா இருந்திருக்கு. திருப்பினது யாரு?"

சுன்னிவா வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்தெடுக்க ஒரு நொடி ஆனது.

"நான்" என்றார் ஆர்ன்ஃபின்.

மூவரும் அவரைப் பார்த்தார்கள்.

"என்னுதைத் திருப்பும்போதே அவளுதையும் திருப்பிட்டேன். பழக்க தோஷம். பின்னாடியே வந்துருவான்னு நினைச்சேன்."

ஓட்டார் நாற்காலியில் சரிந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். அவனுடைய தோள்கள் இறங்கின. துக்கமா நிம்மதியா என்று பிரித்துச் சொல்ல முடியாத இறக்கம். டோர்கிரிம் வெகுநேரம் அந்தக் கிழவரையே பார்த்தார். பிறகு எழுந்து போய் அவர் தோளில் கைவைத்தார். "யாரும் உங்களைக் குத்தம் சொல்லமாட்டாங்க. மனுஷனுக்கு வர்ற தப்புதான்" என்றார்.

சுன்னிவாவின் வாய் மூடிக்கொண்டது. இப்போது சொன்னால் என்ன ஆகும்? ஏன் இத்தனை நேரம் சொல்லவில்லை என்பார்கள். படகில் போகும்போது சொல்லியிருக்கலாம், திரும்பும்போது சொல்லியிருக்கலாம், இந்த மேசையில் இவர் வாயைத் திறப்பதற்கு முந்தைய நொடியில் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நிமிஷமும் முந்தைய நிமிஷத்தின்மேல் ஏறி உட்கார்ந்து கனத்தது. இருபத்தொன்பது வயது. கப்பல் வேலையில் இது மூன்றாவது பருவம். அண்டெனெஸ் மீன் தளத்தில் காட் மீனை அறுத்துக்கொண்டிருந்தவளை இந்த வேலைக்கு எடுத்ததே ஓட்டார்தான். இந்தக் கிழவரோ குழம்பிப்போயிருக்கிறார். தான் செய்யாததைச் செய்ததாக நம்புகிறார். மீதி வாழ்நாள் முழுக்க, வோல்டாவில் தனியாக, மனைவியைத் தன் கையாலேயே கொன்றுவிட்டதாக நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கப்போகிறார்.

அதைத் தாங்க முடியவில்லை. எட்டரை மணிக்குத் துணிப்பையை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்கதவைத் தட்டினாள்.

இந்த வடகோடியில் கோடையில் சூரியன் மறைவதில்லை; இரவு எட்டரைக்கும் சன்னல் வழியாக வெயில் அடித்தது. மூடுபனி கலைந்து, தண்ணீர் கண்ணைக் கூசச் செய்தது. இரண்டு கட்டில்கள். ஒன்றில் போர்கில்டின் இரவுடை மடித்து வைக்கப்பட்டிருந்தது. இன்னொன்றின் விளிம்பில் அவர் உட்கார்ந்திருந்தார். அதே காலுறைகள்.

பையைச் சின்ன மேசைமேல் வைத்தாள். "இதைத் திறக்கவே வேண்டி வரலை" என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடூரமாக ஒலித்தது என்று தெரிந்தது.

"உக்காரு."

அவள் உட்காரவில்லை. "நீங்க திருப்பலை, ஆர்ன்ஃபின். நான்தான் திருப்பினேன். முப்பத்தேழை. என் கையால. அவங்க வழக்கம்போல மேல ஓடியிருப்பாங்கன்னு நினைச்சுட்டேன். உங்க தப்பு இதுல எதுவுமே இல்லை. ஹெலிகாப்டர் வந்ததும் நானே சொல்லிடுறேன்."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ திருப்பினது. படிக்கட்டுல நின்னு பார்த்துட்டிருந்தேன்."

"அப்போ... நான் திருப்பினதைப் பார்த்து, அவங்க வந்துட்டாங்கன்னு நீங்களும் நினைச்சுட்டீங்க" என்றாள். அவர் தப்பித்துக்கொள்ள ஒரு வழியைத் திறந்துவைத்தது போலத்தான் இருந்தது.

ஆர்ன்ஃபின் பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்தார். இரும்பு ஃபிளாஸ்க், அடியில் நசுங்கியது. பன்னிரண்டு மணி நேரம் சூடு தாங்கும் என்று போர்கில்ட் ஊருக்கெல்லாம் பெருமையடித்த ஃபிளாஸ்க். மூடியைத் திருகினார்.

கூடத்தில் இருக்கும் காபி இயந்திரம் ஒரு கோப்பைக்கே இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். ஃபிளாஸ்க் நிறைய வேண்டுமானால் நின்று நிரப்ப வேண்டும். காலுறை, மாத்திரை, காபி. மனைவியைக் காணோம் என்று பதறி ஓடிவந்த மனிதர் கையில், குளிரில் நிற்பவளுக்கு வேண்டியதெல்லாம் முன்கூட்டியே கட்டித் தயாராக இருந்திருக்கிறது.

"இதை எப்ப நிரப்பினீங்க?" என்று கேட்டாள். தன் குரலே யாருடையதோ போலக் கேட்டது.

வெகுதூரத்தில் ஹெலிகாப்டரின் சத்தம் ஆரம்பித்தது.

"நங்கூரச் சங்கிலி ஏறிட்டிருந்தப்போ" என்றார் ஆர்ன்ஃபின். "கடைசிப் படகு வரைக்கும் எண்ணினேன். எண்ணுறதுதானே என் தொழில்? அவ வரலை. நீ திருப்பினே. பத்து நிமிஷம் நிக்கட்டும்னு நினைச்சேன். இன்னைக்கும் அந்தப் படகுத்துறைக் கதையைக் கரையில நின்னு எல்லார்கிட்டயும் சொன்னா. சிரிச்சாங்க. பத்து நிமிஷம் பயந்துட்டு வரட்டும், சூடா ஒரு காபியைக் கையில கொடுத்துடலாம்னு. அப்புறம் பத்து இருபதாச்சு. இருபது நிமிஷமா ஏன் வாயை மூடிட்டிருந்தேன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் அது அரை மணி நேரமாச்சு."

சுன்னிவாவின் இடுப்பில் வயர்லெஸ் கரகரத்தது. டோர்கிரிம். "சுன்னிவா, அவங்க வந்துட்டாங்க. கீழ வா."

ஆர்ன்ஃபின் மூடியில் காபியை ஊற்றி மேசையின் இந்தப் பக்கமாக நகர்த்தி வைத்தார். இருவரும் அதைத் தொடவில்லை. அதிலிருந்து ஆவி எழுந்து, வெயில் அடித்த சன்னல் கண்ணாடியில் படிந்துகொண்டிருந்தது.